மூச்சுப் பயிற்சிக்கு மொபைல் கேம்: ஸ்கோர் ஏறுகிறது, சளி வரவில்லை. எங்கே தப்பு?

ஆதியின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு ஏழு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்கும் பரம்பரை நோய்) என்று தெரிந்துவிட்டது. முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கிறதே என்று நான்தான் டாக்டரிடம் முதலில் சொன்னேன். வியர்வைப் பரிசோதனையில் உறுதியானது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நெபுலைசர், அப்புறம் சளி எடுக்கும் பயிற்சி. சின்னதில் முதுகில் தட்டுவோம். இப்போது இரண்டு வருடமாகப் பெப் மாஸ்க், அதாவது மூச்சை வெளியே விடும்போது சின்னத் துளையால் காற்றைக் கொஞ்சம் தடுத்து அழுத்தம் கொடுக்கும் முகமூடி. பயிற்சி என்னவோ இருபது நிமிடம்தான், அதற்கு உட்கார வைக்க அரை மணி நேரம் போராட வேண்டும். மாஸ்க்கைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பான். சில நாள் மாஸ்க்கை முகத்தில் வைத்தபடி மூச்சே விடாமல் உட்கார்ந்திருப்பான், நான் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒரு கேம் கிடைத்தது. மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்தால், ஊதும் சத்தத்துக்குப் படகு நகரும். முதல் நாள் அவனே மாஸ்க்கைத் தேடி எடுத்து வந்தான். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு வாரம் போனது. ஸ்கோர் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் முன்பெல்லாம் பயிற்சி முடிந்ததும் மூன்று நான்கு தடவை இருமிச் சளி துப்புவான், இப்போது டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது. ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டான். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். பல்லுக்கு இடையில் நாக்கை வைத்து "ஸ்ஸ்" என்று சத்தம் மட்டும் போடுகிறான். நெஞ்சு அசையவே இல்லை, படகு மட்டும் பறக்கிறது.

திட்ட மனம் வரவில்லை. ஏழு வயதுக் குழந்தை, தினமும் இரண்டு வேளை, லீவே கிடையாது. கேமை நிறுத்திவிடவா? இல்லை, இதையே சரியாகச் செய்ய வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மீனுவின் அப்பா:

சகோதரி, கேமை விடாதீர்கள், இந்தக் கேமை விட்டுவிடுங்கள். என் மகளுக்குப் பதினொரு வயது, மூன்று வருடமாகக் கேம் வைத்துத்தான் பயிற்சி செய்கிறோம். நீங்கள் சொன்ன "ஸ்ஸ்" வேலையை அவளும் செய்தாள். எங்கள் வீட்டில் அது மைக்கை விரலால் தேய்ப்பது.

ஃபோன் மைக்குக்குச் சத்தம்தான் தெரியும். மூச்சு எவ்வளவு நேரம் போனது, எவ்வளவு அழுத்தத்தில் போனது என்று அதற்குத் தெரியாது. நாங்கள் பிறகு மாறியது, பெப் கருவியிலேயே பொருத்துகிற சின்ன அழுத்த சென்சாருக்கு. ப்ளூடூத்தில் டேப்லெட்டோடு பேசும். திரையில் இரண்டு கோடு, நடுவில் ஒரு பறவை. மெதுவாக, சீராக ஊதினால் பறவை இரண்டு கோட்டுக்கும் நடுவில் போகும். வேகமாக ஊதினால் மேல் கோட்டில் இடிக்கும், விட்டுவிட்டால் கீழே விழும். அந்தக் கோடுகளை நம் இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது, பிசியோதான் வைத்துக் கொடுத்தார்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாதத்தில் அவளுக்குப் பறவை சலித்துவிட்டது. வேறு கேம் போட்டோம், அதுவும் மூன்று வாரம்தான். நான் பயந்துபோனேன். கடைசியில் கைகொடுத்தது கேமின் புதுமை இல்லை, நாங்கள் வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். பன்னிரண்டு மூச்சு விளையாட்டு. முடிந்ததும் அவளே டேப்லெட்டைக் கவிழ்த்து வைப்பாள். அப்புறம் இரண்டு மூன்று ஹஃப் (வாயைத் திறந்து "ஹா" என்று மூச்சைத் தள்ளுவது), ஒரு இருமல், டிஷ்யூ. அதன் பிறகுதான் அடுத்த ஆட்டம். இப்படி ஆறு சுற்று. கவிழ்த்து வைக்காத நாட்களில் ஆட்ட சுவாரசியத்தில் ஹஃப்பை விழுங்கிவிடுவாள். சளி மேலே வந்து தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். உங்கள் மகனுக்கும் டிஷ்யூ காய்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். படகு ஓடும்போது ஹஃப் செய்கிறானா என்று பாருங்கள்.

ஹஃப் சொல்லிக் கொடுக்க நான் கைக்கண்ணாடிதான் பயன்படுத்தினேன். வாயை "ஓ" மாதிரி திறந்து, கண்ணாடியில் ஆவி படியும்படி "ஹா" என்று அடிவயிற்றிலிருந்து விட வேண்டும். ஆவி எவ்வளவு பெரிய வட்டமாகப் படிகிறது என்று விரலால் கோடு போட்டு அளப்பாள். டேப்லெட்டை விட அந்தக் கண்ணாடியில்தான் அவளுக்கு ஆசை அதிகம்!

சென்சாரில் சார்ஜ் இல்லாத நாளுக்கு பாட்டில் தண்ணீரும் குழாயும் இருக்கிறது. சோப்பு இரண்டு சொட்டு விட்டு ஊதினால் நுரை பொங்கி வழியும். பழைய முறைதான், ஆனாலும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். தண்ணீர் எவ்வளவு உயரம், குழாய் எவ்வளவு ஆழம் என்று பிசியோவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு பிசியோதெரபிஸ்ட்:

குழந்தைகளின் நுரையீரல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன கவிழ்த்து வைக்கும் வழக்கத்தை என்னிடம் வரும் குழந்தைகளுக்கும் சொல்லப் போகிறேன், நன்றி.

தலைசுற்றலைப் பற்றி. கேம் வேகமாக ஊத வைத்தால் உடம்பிலிருந்து கார்பன்டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறிவிடும், அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது. பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பது போல ஊதுவது பெப்புக்கு வேண்டிய மூச்சே இல்லை. வழக்கத்தை விடக் கொஞ்சம் ஆழமாக உள்ளே இழுத்து, இரண்டு மூன்று நொடி நிறுத்தி, இழுத்ததைப் போல மூன்று நான்கு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். கன்னம் உப்பக் கூடாது. அழுத்தம் 10 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள் நிற்க வேண்டும். அதற்கேற்ற துளையைத்தான் மானோமீட்டர் (அழுத்தம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். பையன் வளர வளர அந்தத் துளையும் மாறும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள்.

இந்த நோயில் சளி தண்ணீர் வற்றிக் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. ஊதி வெளியே தள்ளினால் அது வராது. பெப் கொடுக்கும் அழுத்தம் சின்னக் குழாய்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், காற்று சளிக்குப் பின்பக்கம் போய்ச் சேரும். பிறகு ஹஃப் வந்து அதைத் தள்ளும். நொடி நிறுத்தம் இல்லாத, ஹஃப்புக்கு இடமே விடாத கேம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் நடத்திய ஃபிஸ்யோ என்ற திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். குழந்தை ஏற்கெனவே பயன்படுத்தும் கருவியிலேயே சென்சாரை மாட்டி, ஊதுகிற ஒவ்வொரு மூச்சையும் பதிவு செய்து, அதை வைத்தே கேமை ஓட்டினார்கள். 2016-இல் ஒரு பிபிசி நிகழ்ச்சிக்காகச் செய்த கருவியில் தொடங்கியது அது. வீட்டில் என்ன நடக்கிறது என்பதை மூச்சு மூச்சாகப் பார்க்க முடிவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு அதில் பெரிய விஷயம்.

டிஷ்யூ இரண்டு வாரமாகக் காய்ந்திருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உங்கள் டீமுக்குப் போன் செய்து சொல்லுங்கள். போகும்போது ஃபோனையும் மாஸ்க்கையும் எடுத்துப் போய், அவனை அங்கேயே விளையாடிக் காட்டச் சொல்லுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, திடீரென நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ பெப்பை அப்போதே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

கருவியைக் கழுவுவது போலவே திரையையும் துடைக்க வேண்டும். ஊதியபடி தொடுகிற திரை அது. சென்சாரைத் தண்ணீரில் போடக் கூடாது, கழற்றிவிட்டுத்தான் மற்றதைக் கழுவ வேண்டும்.

உப்புமூச்சு:

எனக்கு இருபத்து நான்கு வயது, எனக்கும் இதே நோய்தான். சின்ன வயதில் இந்த மாதிரி கேம் எதுவும் இல்லை, அம்மாவின் கைதான். ஒரே ஒரு வேண்டுகோள், அக்கா. வேறு ஏதாவது தப்பு செய்தான் என்று தண்டனையாக அந்தக் கேமைப் பிடுங்கிவிடாதீர்கள். பயிற்சி வேறு, ஃபோன் வேறு என்று இருக்கட்டும். எந்தக் கேம், முதலில் எந்த அறை, சோபாவா தரையா என்பதை அவன் முடிவு செய்யட்டும். செய்வதா வேண்டாமா என்பது அவன் கையில் இல்லை, மற்றதாவது இருக்கட்டும்.

இன்னொன்று. கிருமி தொற்றும் என்பதால் இந்த நோயுள்ள இரண்டு பேர் பக்கத்தில் உட்கார முடியாது. என்னைப் போல இன்னொருவரோடு ஒரே அறையில் நான் இருந்ததே இல்லை. ஆதியும் மீனுவும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் வீடியோவில் ஊதலாமே?

ஆதியின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மறுநாளே போன் செய்தேன், வரச் சொன்னார்கள். பரிசோதனைக்குச் சளி எடுத்திருக்கிறார்கள். மாஸ்க்கின் துளை அவனுக்குச் சின்னதாகிவிட்டதாம், பத்து மாதமாகப் பார்க்கவே இல்லை. அது என் கவனக்குறைவு. புதுத் துளை போட்டுக் கொடுத்தார்கள். சென்சாருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அதுவரை பாட்டில்தான்.

நேற்று மாலை மீனுவும் ஆதியும் வீடியோவில் நுரை விட்டார்கள். மூன்றாவது சுற்றில் மீனு கைக்கண்ணாடியைக் காட்டி ஹஃப் செய்தாள். இவன் ஓடிப்போய் என் கண்ணாடியை எடுத்து வந்தான். ஐந்தாவது சுற்றில் கெட்டியாக, பச்சையாக வந்தது. "அம்மா, பார்!" என்று டிஷ்யூவைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். அந்தப் பக்கம் மீனு கை தட்டினாள்.

நிறம் பச்சை என்பதையும் டீமுக்குச் சொல்லிவிட்டேன்.