கட்டுப்பாட்டுக் குழுவா, ஒப்புநிரையா?

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து எழுதுகிறேன்.

நகர்ப்புற ஏழைகளுக்கான திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்று ஆராயும் துறைக்குச் சொற்பட்டியல் தொகுத்துவருகிறோம். திட்டம் சென்றடையாமல், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் எடுத்துக்கொள்ளப்படும் மக்களைக் குறிக்கும் ‘கண்ட்ரோல் குரூப்’ என்பதற்கு வரைவில் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று இருக்கிறது. அதை நீக்க வேண்டுகிறேன். மற்ற சொற்களில் யார் எதைச் சொன்னாலும் விட்டுக்கொடுப்பேன். இதில் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டை இந்த நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ‘கட்டுப்பாடு’ என்றதும் பூட்டிய கதவும் சாலைத் தடுப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. குழு என்றால் கோயில் நிர்வாகக் குழு, திருவிழாக் குழு. இரண்டையும் சேர்த்தால், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடியிருக்கும் நான்கு பெரியவர்கள் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். சொல்ல வந்ததோ நேர்மாறு. இவர்களை யாரும் அடக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. திட்டம் இவர்களிடம் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். திட்டம் சேர்ந்தவர்களோடு இவர்களை வைத்துப் பார்த்தால்தான் திட்டம் என்ன செய்தது என்பது தெரியும்.

ஆங்கிலச் சொல்லின் வேரிலும் அடக்குதல் இல்லை. ஒரு கணக்கேட்டைச் சரிபார்க்கத் தனியே எழுதிவைத்த எதிரேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர், எழுதிய செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஏட்டோடு ஏட்டை ஒத்துப் பார்ப்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். நாம் அந்த உயிரை விட்டுவிட்டு உடம்பை மட்டும் மொழிபெயர்த்திருக்கிறோம்.

என் பரிந்துரை, நம் மடல்களில் முன்பே சொன்னதுதான்: ‘ஒப்புநிரை’.

இதை நான் அகராதியில் தேடி எடுக்கவில்லை. என் அப்பா இந்த ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, இருந்தார். எழுபதுகளின் இறுதியில் பால் கூடுதலாக வடிய எத்தெபோன் மருந்து பூசத் தொடங்கினார்கள். வெட்டுக்கு அருகே பட்டையை லேசாகச் சுரண்டித் தூரிகையால் பூச வேண்டும். வயல் முழுவதும் பூசியபோது ஒரு நிரையை, அதாவது ஒரு வரிசை மரங்களை, மட்டும் பூசாமல் விட்டார்கள். அந்த மரங்களில் சிவப்புச் சாயத்தால் ஒரு வளையம். அந்த நிரையின் மங்குகளில் சேர்ந்த பாலைத் தனி வாளியில் ஊற்றித் தனியாக எடை போட்டார்கள். சிறுவனாக இருந்த நான், பாவம் அந்த மரங்களுக்கு மட்டும் ஏன் மருந்து இல்லை என்று கேட்டேன். பிப்ரவரி வரட்டும் என்றார் அப்பா.

பிப்ரவரியில் இலை உதிர்ந்தது. பால் குறைந்தது. மருந்து பூசிய மரங்களிலும் குறைந்தது. வளையம் போட்ட நிரை இல்லாதிருந்தால், மருந்தால்தான் மரம் கெட்டது என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். தனி வாளியை எடை போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பூசாத மரங்களில் பால் இன்னும் அதிகமாகக் குறைந்திருந்தது. குறைவு பருவத்தால் வந்தது. அதில் ஒரு பகுதியைத் தாங்கிப் பிடித்தது மருந்து. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த ஒரு நிரையால் மட்டுமே முடிந்தது.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அங்கிருந்த குடும்பங்கள் பல அடுக்குமாடிகளில் இருக்கின்றன. வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டுக் குடும்பங்களைக் குறிக்கும் பி40 என்ற பெயரில் அவர்களுக்கென்று தையல் பயிற்சி, சிறுதொழில் கடன், மாலை வகுப்பு எனத் திட்டங்கள் வருகின்றன, போகின்றன. எது நிலைத்தது, எது நின்றுபோனது, ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு மாலை வகுப்புக்கு நானே பொறுப்பாக இருந்தேன். பணம் கொடுத்த அமைப்பு படிவம் அனுப்பியது. வருகை, சிற்றுண்டிச் செலவு, நான்கு படங்கள், கடைசியில் ‘மதிப்பீடு’ என்று ஒரு கட்டம். அதில் ‘பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது’ என்று எழுதினேன். மூன்றாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து நகர்த்திப் படிப்பாள். ஆண்டு இறுதியில் விரலை எடுத்துவிட்டாள். அது என் கண்ணால் கண்டது. ஆனால் வகுப்புக்கு வராத எதிர் புளோக் பிள்ளைகளும் ஓர் ஆண்டு வளர்ந்திருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் விரலை எடுத்திருந்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. அப்பாவின் தனி வாளி என்னிடம் இல்லை.

ஹைதராபாத்தில் அந்த வாளி இருந்தது. ஏழைகள் வாழும் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 52 பகுதிகளில் மட்டும் சிறுகடன் கிளைகளை முதலில் திறக்கச் செய்தார்கள். பொருளியல் அறிஞர்கள் பானர்ஜி, டஃப்லோ உள்ளிட்ட நால்வர் செய்த இந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முன்பே தொழில் வைத்திருந்தவர்கள் கூடுதலாக முதலீடு செய்தார்கள். ஆனால் குடும்பங்களின் மொத்தச் செலவோ, பிள்ளைகளின் படிப்போ, வீட்டில் பெண்களின் சொல்லுக்கு இருந்த மதிப்போ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. ஊரெங்கும் கடன்தான் ஏழ்மைக்கு மருந்து என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. கடன் வாங்கிய பெண்ணை மட்டும் கேட்டிருந்தால் ஆயிரம் வெற்றிக் கதைகள் கிடைத்திருக்கும்.

கிள்ளானிலிருந்து எழுதிய சகோதரியின் மறுப்புக்கு வருகிறேன். “ஏழைப் பிள்ளைகளில் பாதிப் பேரைப் பட்டினி போட்டுப் பார்ப்பதற்குத் தமிழில் அழகான பெயர் வேறா?” என்று கேட்டிருந்தார். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். மரம் வேறு, மனிதர் வேறு. ஆனால் யாரையும் பட்டினி போடாமலும் ஒப்புநிரை அமைக்கலாம். மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தைப் பாருங்கள். அந்தந்தப் பகுதி இளம்பெண்களையே அமர்த்தி, பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியே அடிப்படைப் பாடம் சொல்லித் தந்தார்கள். பாதிப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்கு உதவியாளர், மீதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக்கு. எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பு மற்றப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு ஒப்புநிரை ஆனது. அடித்தட்டில் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள். வயதைப் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து கற்பிக்கும் முறை இப்படித்தான் சான்றோடு வளர்ந்து பல மாநிலங்களுக்குப் போனது.

மெக்சிகோ 1997-இல் இன்னொரு வழியை எடுத்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் திட்டம் அது. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320-க்கு முதலில், 186-க்குப் பிறகு. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தர எந்த அரசிடமும் பணமோ ஆளோ இருப்பதில்லை. யார் முதலில் என்பதைச் செல்வாக்கு முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது நேர்மை. 2000-இல் ஆட்சி மாறியபோதும் அந்தத் திட்டத்தைக் கலைக்கவில்லை; சான்று கையில் இருந்தது. பெயரை மாற்றி நகரங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

சென்னை நண்பர் ‘நிரை’ என்றால் மாட்டுக் கூட்டம் நினைவுக்கு வருகிறது, ‘ஒப்பீட்டுக் குழு’ போதாதா என்கிறார். அவரூர்ப் பாடநூல்களிலேயே அட்டவணையின் கிடை வரிசைக்கு நிரை, நெடு வரிசைக்கு நிரல் என்றுதானே இருக்கிறது? ‘ஒப்பீட்டுக் குழு’ தவறில்லை. ஆனால் அது ஒப்பிடும் ஆட்களையும் குறிக்கலாம், ஒப்பிடப்படும் ஆட்களையும் குறிக்கலாம். நிரையில் அந்தக் குழப்பம் இல்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே வயது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை என்ற படம் சொல்லிலேயே இருக்கிறது. வேறு ஊரின் வசதியான பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அது ஒப்புநிரை ஆகாது என்பதையும் சொல்லே சொல்லிவிடுகிறது.

‘மதிப்பீடு’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது என்று ஈப்போ ஐயா எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, கோலாலம்பூர் வட்டார மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதைக் காட்டியது. மிகத் தேவையான ஆய்வு. ஆனால் அது நிலையைச் சொல்கிறது. எந்தத் திட்டம் அதை மாற்றும் என்று சொல்லவில்லை, சொல்ல வந்ததும் அன்று. அதை ‘நிலையாய்வு’ என்றும், ஒப்புநிரை வைத்துச் செய்வதை ‘விளைவாய்வு’ என்றும் பிரிக்கலாம். ‘தாக்க மதிப்பீடு’ வேண்டாம். தாக்கம் அடியை நினைவூட்டுகிறது. விளைவில் நன்மையும் தீமையும் அடங்கும்.

அளவுகோல் பற்றியும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். 2020 ஜூலையில் நம் நாட்டின் வறுமைக் கோடு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2,208 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. 2016-ஆம் ஆண்டுக்குப் பழைய கோட்டில் சொல்லப்பட்ட 0.4 விழுக்காட்டையும் 2019-க்குப் புதிய கோட்டில் வந்த 5.6 விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்து ஏழ்மை பெருகிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. புதிய கோட்டின்படி 2016-இல் அது 7.6 விழுக்காடு. அதாவது குறைந்திருக்கிறது. இரண்டு நிரைக்கும் ஒரே தராசு வேண்டும்.

கடைசியாக ‘கவுண்டர்ஃபேக்சுவல்’. ‘எதிர்மெய்’ என்று வரைவில் இருப்பது பொய் என்ற பொருளுக்கு அருகே போய்விடுகிறது. திட்டம் இன்றேல் என்ன ஆகியிருக்கும் என்பதுதானே கேள்வி? ‘இன்றேல்நிலை’ என்று வைக்கலாம். அதை யாரும் நேரில் பார்க்க முடியாது. ஒப்புநிரையின் வழியாகவே ஊகிக்க முடியும். எனவே இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும்.

பட்டியலுக்கு நான் எழுதிய பதிவு இது, திருத்தித் தாருங்கள்:

ஒப்புநிரை: ஒரு திட்டம் சென்றடைந்தவர்களோடு எல்லா வகையிலும் ஒத்திருந்து, அத்திட்டம் இன்னும் சென்றடையாத மக்கள், பள்ளிகள் அல்லது குடியிருப்புகள். இயன்றவரை குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுவது. ஆய்வில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டம் பயனளிப்பதாகத் தெரிந்தால் அடுத்து அவர்களுக்கே வழங்கப்பட வேண்டும். காண்க: இன்றேல்நிலை, விளைவாய்வு.