ஸ்கிரிப்டிலிருந்து லிபர்ஆபிஸின் இரண்டாவது இன்ஸ்டன்ஸ்: புரொஃபைலை நகலெடுக்கலாமா?

வணக்கம். உபுண்டு 22.04, லிபர்ஆபிஸ் 7.3 (இலவச ஆபிஸ் தொகுப்பு), பைத்தான் ஸ்கிரிப்ட். வேலை: ரைட்டர் (அதன் ஆவணச் செயலி) கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்குவது, ஒரே நேரத்தில் நான்கு.

திரையில் லிபர்ஆபிஸ் ஏற்கெனவே திறந்திருந்தால், ஸ்கிரிப்ட் கொடுக்கும் கட்டளை உடனே முடிந்துவிடுகிறது; பிழை எதுவும் வராது, பிடிஎஃப்பும் வராது. காரணம் தெரியும்: ஒரே யூசர் புரொஃபைல் (பயனரின் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர்) என்பதால் புதிய புராசஸ் வேலையைப் பழையதிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுகிறது.

இதுவரை செய்தவை: ஹெட்லெஸ் (திரையில் சாளரம் இல்லாமல் ஓட), நோ-ரீஸ்டோர் (பழைய கோப்புகளை மீட்காமல் தொடங்க) என்ற இரண்டு கட்டளை விருப்பங்களையும் சேர்த்தேன், பயனில்லை, அவை புரொஃபைலைப் பிரிப்பதில்லை. பிறகு, புரொஃபைல் எங்கே இருக்கும் என்று சொல்லும் யூசர்இன்ஸ்டலேஷன் மாறியில் தனி ஃபோல்டர் கொடுத்தேன். வெறும் பாதையாகக் கொடுத்தால் ஏற்காது; மூன்று சாய்கோட்டுடன் கூடிய ஃபைல் முகவரியாகவே இருக்க வேண்டும். இதன்பின் இரண்டாவது இன்ஸ்டன்ஸ் ஒழுங்காக எழுந்தது.

சிக்கல் டைம்அவுட்டில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடியாத வேலையை ஸ்கிரிப்ட் நிறுத்தும்போது. பைத்தான் கொல்வது தொடக்க புராசஸை மட்டுமே. உண்மையில் வேலை செய்யும் சாஃபிஸ்-பின் பிழைத்திருந்து புரொஃபைலைப் பிடித்துக்கொள்கிறது. தனி செஷனில் தொடங்கி, புராசஸ் குழுவையே (தொடக்க புராசஸும் அது எழுப்பியவையும்) கொல்வதால் அது தீர்ந்தது. ஆனால் பாதியில் கொன்ற புரொஃபைலை மறுபடி நம்பிப் பயன்படுத்த மனமில்லை, அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் புதிய ஃபோல்டர். முதல் ஓட்டத்தில் புரொஃபைல் உருவாகும் நேரம் ஒவ்வொரு முறையும் கூடுகிறது, ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு இது கட்டுப்படியாகாது.

ஒருமுறை உருவாக்கி முறையாக மூடிய புரொஃபைல் ஃபோல்டரை ஒவ்வொரு வேலைக்கும் வேறு பாதைக்கு நகலெடுத்துப் பயன்படுத்தினால், உள்ளே பதிவான பழைய பாதைகளால் ஏதாவது உடையுமா?