துணி மாட்டும் குளோசெட் சரியில்லை என்று 90 ஆயிரம் குறைத்துக் கேட்கலாமா?

கேள்வி:

வணக்கம். திருச்சியிலிருந்து டொராண்டோ வந்து இரண்டு வருடம் ஆகிறது, பிஆர் (நிரந்தர வசிப்பு உரிமை) வந்துவிட்டது. நகரத்துக்குள்ளேயே, ஸ்கார்பரோவின் தென்மேற்குப் பக்கம் ஒரு ஒன்றரை மாடி வீடு பார்த்தோம். 1950 வாக்கில் கட்டியது. கேட்கும் விலை 849,000 டாலர், விற்பனைக்கு லிஸ்டிங் போட்டு 43 நாள் ஆகிறது. வீடு பிடித்திருக்கிறது, குளோசெட்டுகள்தான் கொடுமை. மாடியறை இரண்டிலும் கூரைச் சரிவுக்குள் குனிந்து நுழையும் பொந்து. கீழறையில் உள்ளது 16 அங்குல ஆழம், ஹேங்கர் குறுக்கே நிற்காது. வாசலில் கோட் மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. இதைச் சொல்லி 760,000 கேட்கலாம் என்பது என் எண்ணம். அவங்க மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்கும் என்கிறாள் மனைவி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, இதே மாதிரி வீட்டில் 11 குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

760 கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் குளோசெட்டைக் காரணமாகக் காட்டாதீர்கள். அந்தத் தெருவில் அந்தக் காலத்தில் கட்டிய எல்லா ஒன்றரை மாடி வீட்டிலும் அதே பொந்துதான். பக்கத்து வீடுகள் விற்ற விலையில் அந்தக் குறை ஏற்கெனவே கழிந்திருக்கிறது. நீங்கள் இன்னொரு முறை கழிக்கப் பார்க்கிறீர்கள். விற்பவர் ஒப்பமாட்டார்.

செய்ய வேண்டியது வேறு. ஹவுஸ்சிக்மா என்ற வீட்டு விற்பனை இணையதளத்தில் கணக்குத் தொடங்கினால் விற்ற விலைகள் தெரியும். கடந்த மூன்று மாதத்தில், அதே நாலைந்து தெருக்களில், ஒன்றரை மாடி வீடுகளை மட்டும் பாருங்கள். அவை 790, 800 என்று போயிருந்தால் உங்கள் 760 ஒரு தொடக்க விலை, அவ்வளவுதான். 840க்கு மேல் போயிருந்தால் அதே 760 வெறும் காகிதம். அப்புறம் அந்த 43 நாளையும் அப்படியே நம்ப வேண்டாம். லிஸ்டிங்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் நாள் கணக்கு முதலிலிருந்து ஓடும். இங்கே பலர் முதலில் விலையைக் குறைத்துப் போட்டு, ஒரே இரவில் பத்து ஆஃபர் வரும் என்று காத்திருப்பார்கள். வராவிட்டால் நிஜமாக எதிர்பார்க்கும் விலையில் மறுபடி போடுவார்கள். பழைய வரலாறும் அங்கேயே கிடைக்கும். இரண்டாம் முறை வந்த வீடென்றால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கும்.

குளோசெட்டால் உங்களுக்கு வேறொரு பயன் உண்டு. வீட்டின் ரகசியமெல்லாம் அதற்குள்தான் இருக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு இன்னொரு முறை போங்கள். வெளிச்சுவரை ஒட்டிய குளோசெட்டின் கீழ் மூலையைப் பாருங்கள், குளிர் நாட்டில் காற்றோட்டம் இல்லாத அந்த இடத்தில்தான் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மேலே கூரைக்குள் ஏறும் பலகை பல வீடுகளில் குளோசெட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே சாம்பலும் பொன்னுமாகப் பொடிக்கல் போல ஏதாவது கிடந்தால் கை வைக்காதீர்கள். அது வெர்மிகுலைட் என்ற பழைய குளிர்காப்புப் பொருளாக இருக்கலாம், சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். துணி வைக்கும் குளோசெட்டுக்குள் மின்சாரப் பெட்டி இருந்தால் அதுவும் இன்றைய விதிப்படி கூடாது. இப்படி ஒன்று அகப்பட்டால் சரிசெய்ய ஆகும் செலவுக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கி அதை நீட்டுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் விலை இறங்கும். "ஹேங்கர் நிற்கவில்லை" என்ற புலம்பலுக்கு இறங்காது.

குடியிருக்கும் கஷ்டம் உண்மைதான், மறுக்கவில்லை. முதல் தைப்பொங்கலுக்கு 14 பேர் வந்தார்கள். எல்லா கோட்டும் எங்கள் கட்டிலில் மலைபோல் குவிந்தது, கிளம்பும்போது ஒருவர் கையுறையை இன்னொருவர் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது வாசலில் ஐக்கியா கடையின் 35 செமீ ஆழ PAX வகை அலமாரி நிற்கிறது, முன்பக்கமாக இழுக்கும் கம்பியில் கோட் தொங்குகிறது. 58 செமீ ஆழத்தில் வாங்குவதென்றால் முதலில் மாடிப்படியின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த 16 அங்குலக் குளோசெட் மட்டும் எங்களுக்கு வரமாக அமைந்தது. கதவைக் கழற்றித் தட்டு அடித்தோம், சாமி அலமாரி ஆயிற்று. ஆனால் மேல் தட்டுக்கு அடியில் விளக்கு ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன். பட்டுப்புடவை எப்படியும் மடித்துத்தானே வைக்கிறோம், அதற்கு ஹேங்கர் எதற்கு?

ஆஃபர் எழுதும்போது மார்ட்கேஜ் என்ற வீட்டுக் கடனுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் கண்டிஷன் போட்டு, சரிவராவிட்டால் விலகிக்கொள்ள ஐந்து வேலை நாள் கேளுங்கள். 43 நாள் கிடக்கும் வீட்டுக்கு இதைக் கேட்பது அதிகப்படி இல்லை. கண்டிஷன் எதுவும் இல்லாமல் கையெழுத்திட்டுப் பிறகு பின்வாங்கினால் டெபாசிட் போய்விடும்.

கையிருப்புக் கணக்கில், வீடு வாங்குபவர் கட்டும் லேண்ட் டிரான்ஸ்ஃபர் டாக்ஸை மறக்காதீர்கள். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு ஒன்டாரியோ மாகாணத்துக்கு 12,475, டொராண்டோ நகரத்துக்கு இன்னொரு 12,475. நகர எல்லையான ஸ்டீல்ஸ் சாலையைத் தாண்டி மார்க்கமில் வாங்கினால் மாகாண வரி ஒன்றுதான். முதல் வீடென்றால் 4,000, 4,475 என இரண்டிலும் கழிவு உண்டு.

இன்னொரு பதில்:

அண்ணா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கழிவுக்கு "முதல் வீடு" என்றால் உலகத்தில் எங்கேயும் வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக வந்த வீட்டை மறந்துபோய்க் கணக்குப் போட்ட ஆட்களை எனக்குத் தெரியும். பிஆர் இல்லாதவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒன்டாரியோவின் 25 சதவீத வரியையும், 2025 முதல் டொராண்டோ போடும் 10 சதவீதத்தையும் வக்கீலிடம் கேட்காமல் ஆஃபர் பக்கமே போகாதீர்கள்.

கேட்டவர்:

நன்றி. மூன்று வீடு கிடைத்தது: 788, 802, 811. நாங்கள் பார்த்த வீடு இரண்டாம் லிஸ்டிங்தான், அதுவும் தெரிந்தது. 765 என்று எழுதினோம், 829க்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்று இரவு 9 மணி வரை நேரம். இன்னொரு விஷயம், தாத்தா வீட்டில் அப்பாவுக்குப் பிறகு எனக்கும் தங்கைக்கும் பங்கு வந்தது. அது இப்போதுதான் உறைத்தது.

பதில்:

முதலில் வக்கீலுக்கு ஃபோன் போடுங்கள், ஆஃபர் அப்புறம். பங்கு வந்துவிட்டது என்றால் அந்த 8,475 டாலர் உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பிறகு 790க்கு எழுதுங்கள், 802க்கு மேல் போகாதீர்கள். அவர்கள் 829ஐ விட்டு இறங்காவிட்டால் 9 மணியோடு அது தானாகக் காலாவதியாகட்டும். இரண்டு முறை விற்காத வீடு, பதினைந்து நாளில் உங்கள் ஏஜெண்டை அவர்களே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். டார்ச் எடுத்துப் போனீர்களா, இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.