கண்மாய்ப் படகுக்கு ஜெல்கோட்டா, எபாக்சியா?

மேலூர்க் கண்மாய்:
மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்து மூன்று வருடம் ஆகிறது. வலை விரிக்கத் தொண்டியில் இருந்து 16 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி ஓட்டுகிறோம். இப்போது பங்குனி, தண்ணீர் வற்றிவிட்டது, படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். கவிழ்த்த பிறகுதான் எல்லாம் தெரிகிறது. முன்பக்கம் மடைக்கல்லில் மோதிய இடத்தில் நட்சத்திரம் மாதிரிக் கீறல். அடியில் துவரம்பருப்பு அளவுக் கொப்புளங்கள், எண்ணியவரை நாற்பதுக்கு மேல். பக்கவாட்டில் தடவினால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. டிங்கரிங் பட்டறையில் கார் பட்டி பார்த்து ஸ்ப்ரே அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். ஐப்பசியில் தண்ணீர் வருவதற்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கப்பலூர்ப் பட்டறை:
தம்பி, கார் பட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் நிறைய டால்க் மாவு. தண்ணீருக்குள் கிடந்தால் ஈரத்தை இழுத்து ஊதி, ஒரே பருவத்தில் அப்படியே பெயர்ந்து வரும். ஃபைபர் படகின் வெளித்தோல் ஜெல்கோட். அதுவும் படகின் உடம்பைப் போலவே பாலியெஸ்டர் ரெசின்தான் (இறுகிக் கெட்டியாகும் பிசின்), நிறம் கலந்து கெட்டியாக்கியது, கனம் சுமார் அரை மில்லிமீட்டர், நம் விரல் நகத்தின் அளவு. பெயின்டைவிடப் பல மடங்கு கனம். போன இடத்தில் அதையே திருப்பி வைப்பதுதான் முறை. கீறலை வி வடிவத்தில் திறந்து, 80 நம்பர் எமரித் தாளில் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, ஜெல்கோட்டை இரண்டு பூச்சாக வையுங்கள். கை வைத்தால் சுண்ணாம்பாக ஒட்டுவது வெயிலில் மேல்தோல் செத்ததுதான். 800, 1000, 1500 நம்பர் தாள் என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து ரப்பிங் காம்பவுண்டு போட்டால் உள்ளே நல்ல நிறம் இருக்கும்.

பாம்பன் காற்று:
அண்ணே சொல்வது காட்சிக்கு நிற்கும் படகுக்குச் சரி. இது தினமும் கல்லிலும் சேற்றிலும் உரசுகிற படகு. நான் ஊரில் பதினைந்து வருடம் படகு வேலை பார்த்துவிட்டு இப்போது மதுரையில் இருக்கிறேன். ஜெல்கோட்டைத் திறந்த காற்றில் பூசினால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும், காற்று பட்டுக்கொண்டிருந்தால் அது இறுகாது. மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும், அல்லது மேலே ஷீட் ஒட்ட வேண்டும். அப்புறம் நான்கு நாள் தேய்ப்பு. எபாக்சி வேறு வகை ரெசின், அதற்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரும் பாலியெஸ்டரில் இறங்குகிற அளவுக்கு அதில் இறங்காது, பழைய ஃபைபரைப் பிடிப்பதும் அதிகம். அடி முழுக்க எபாக்சி பூசி மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்துவிட்டு வலையைப் பாருங்கள்.

கப்பலூர்ப் பட்டறை:
பிசுபிசுப்பைப் பெரிய குறையாகச் சொல்லாதீர்கள். முதல் பூச்சு பிசுபிசுப்பாக இருந்தால்தான் இரண்டாவது அதோடு ஒன்றாகிப் பிடிக்கும். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு, அவ்வளவுதான். சின்ன இடம் என்றால் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற ஓ.எச்.பி. ஷீட்டை (தெளிவான பிளாஸ்டிக் தாள்) மேலே ஒட்டி விரலால் நீவி விட்டால் கண்ணாடி மாதிரி வரும், தேய்ப்பும் பாதியாகக் குறையும். எபாக்சியை வெயிலில் விட்டால் மஞ்சளாகிப் பொடியும், அதனால் பெயின்ட் இல்லாமல் விடவே முடியாது. அந்தப் பெயின்ட் ஒரு மடைக்கல் உரசலில் போய்விடும். இன்னொன்று, எபாக்சி போட்ட இடத்தில் பிறகு ஜெல்கோட் போட நினைத்தால் நம்பிப் போட முடியாது, சரியாகப் பிடிக்காமல் உரிந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை அந்தப் பக்கம் போனால் கடைசி வரை அந்தப் பக்கம்தான். கொப்புளம் கடலில் கிடந்த காலத்து உப்பால் வந்தது. கண்மாய் நல்ல தண்ணீர், இனிமேல் வராது.

பாம்பன் காற்று:
இந்த ஒரு விஷயத்தை விடவே மாட்டேன் அண்ணே, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நல்ல தண்ணீரில்தான் கொப்புளம் அதிகம் வரும். ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கும். உள்ளே சரியாக இறுகாத ரெசினில் இருக்கிற பொருள்களைக் கரைத்துக் கெட்டியான திரவமாகும். வெளியே இருப்பது எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். கடல் நீரில் உப்பு இருப்பதால் அந்த இழுப்பு குறைவு. அதுவும் கோடையில் முழங்கால் அளவுத் தண்ணீர் வெந்நீராகக் கிடக்கிற நம் கண்மாயில் கேட்கவே வேண்டாம், சூடு அதை இன்னும் கூட்டும். ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள், வினிகர் வாடை வரும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு குத்துங்கள், பீய்ச்சி அடிக்கும்.

சோழவந்தான்:
கார் பட்டி போட்டவன் நான். தை மாதம் போட்டது, ஆடிக்குள் அப்பளம் மாதிரி எழும்பி வந்துவிட்டது. பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

மேலூர்க் கண்மாய்:
ஒன்றைக் குத்திப் பார்த்தேன், வினிகர் வாடைதான். ஒரு ரூபாய்க் காசால் அடி முழுக்கத் தட்டிப் பார்த்ததில் பல இடங்களில் 'டங்'கென்று கேட்கிறது, முன்பக்கக் கீறலுக்கு நேரே மட்டும் 'தொப்'பென்று செத்த சத்தம்.

கப்பலூர்ப் பட்டறை:
கொப்புள விஷயத்தில் பாம்பன் தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் வேலை பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியும் கதவும், படகு குறைவுதான். அடிக்கு எபாக்சி போடுங்கள். ஆனால் முன்பக்கத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். செத்த சத்தம் வந்தால் உள்ளே மேட் (ரெசினில் ஊறிய கண்ணாடி இழை விரிப்பு) பிரிந்திருக்கிறது. அங்கே மேலே எதைப் பூசினாலும் படகு வளையும்போது அதே கீறல் திரும்ப வரும். கெட்டியான இடம் வரும்வரை கிரைண்டரில் எடுத்து, ஓரத்தைக் கனம் ஒன்றுக்கு அகலம் பன்னிரண்டு என்று சரிவாக இறக்கி, 450 கிராம் மேட் அடுக்கிக் கட்டுங்கள். அதன்மேல் ஜெல்கோட்.

பாம்பன் காற்று:
கட்டுவதையும் எபாக்சியில் கட்டினால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

கப்பலூர்ப் பட்டறை:
எபாக்சியில் இந்த மேட் ஆகாது தம்பி. மேட்டைப் பிடித்திருக்கிற பசை பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சி என்றால் நெய்த துணி வேண்டும். அதோடு நான் முன்னே சொன்னதுதான், அதன்மேல் ஜெல்கோட் போட முடியாது. மடைக்கல்லில் முட்டுகிற முகத்துக்கு எனக்கு ஜெல்கோட்தான் வேண்டும்.

பாம்பன் காற்று:
முகத்துக்கு உங்கள் வழி, அடிக்கு என் வழி என்றால் இரண்டும் சந்திக்கிற கோட்டைக் கவனிக்க வேண்டும். முகத்தை முதலில் முடித்து, நன்றாக இறுகிய பிறகு அதன் ஓரத்தைத் தேய்த்து எபாக்சியை அதன்மேல் ஏற்றுங்கள். ஜெல்கோட் மேல் எபாக்சி பிடிக்கும். எந்த வழியானாலும் ஈரம் போகாமல் ஒரு சொட்டு பூசக்கூடாது. கொப்புளம் எல்லாவற்றையும் திறந்து, பல நாள் நல்ல தண்ணீரில் கழுவி, காய விடுங்கள். இரவில் பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் காயவில்லை.

கப்பலூர்ப் பட்டறை:
சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் ரெசினுக்கும் ஜெல்கோட்டுக்கும் ஹார்ட்னரை (இறுக்கும் திரவம்) 100 கிராமுக்கு 2 மில்லி விட்டால் கிண்ணத்திலேயே கட்டியாகிவிடும். 1 மில்லிக்குக் கிட்டே வையுங்கள், அதற்கும் கீழே இறக்காதீர்கள், இறுகாமலே போகும். கண்ணளவு வேண்டாம், சிரிஞ்சில் அளந்து விடுங்கள். வேலையைக் காலை ஏழு மணிக்குள் முடியுங்கள். கோபால்டை (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். அவை இரண்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றினால் வெடிக்கும். கூட நிற்கிற பையன்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி முழுக்கக் கண்ணாடி.

மேலூர்க் கண்மாய்:
கொப்புளங்களை எல்லாம் திறந்து கழுவினேன். நேற்று இரவு மூன்று இடத்தில் ஷீட் ஒட்டினேன். முன்பக்கமும் நடுவும் காய்ந்திருக்கின்றன. பின்பக்கம் விடிகாலையில் பார்த்தபோது ஷீட் முழுக்க வியர்த்திருந்தது. முன்பக்கத்தை நாளைக்குக் கிரைண்டரில் திறக்கிறேன். பின்பக்கத்தைத் தினமும் கழுவி வெயிலில் விட்டு, வாரம் ஒரு தடவை ஷீட் ஒட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.