வந்து வந்து போகும் விஎஸ்சி, ஏபிஎஸ் லைட்: கண்டதும் கண்டுபிடித்ததும்

(தலைப்பாக நிற்கும் ஊர், அதன் கீழ் எழுதுகிறவரின் இடம்.)

வெள்ளவத்தை

டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் (விஎஸ்சி, வாகனம் வழுக்காமல் பிடிக்கும் சிஸ்டம்), ஏபிஎஸ் (பிரேக்கில் சில்லு இறுகி நிற்காமல் காக்கும் சிஸ்டம்) இரண்டும் சேர்ந்து எரியும். ஓஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினால் இருக்காது. நாலு நாள் கழித்துத் திரும்ப வரும். இப்படி ஒரு வாகனம் வந்தால், சென்சர் தேடிப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓட முன் ஓட்டுபவரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்குங்க: லைட் வந்தபோது வேகம் எவ்வளவு, நேரே போனதா திரும்பினதா, எந்தப் பக்கம், பிரேக்கில் கால் இருந்ததா, மழையா, கீழே கழுவி எத்தனை மணித்தியாலம், ஸ்டார்ட் பண்ணின உடனா. பாதிப் பதில் அந்தத் துண்டிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. மழையில் காலி வீதி வெள்ளைக் கோட்டிலோ, நுகேகொடை ரயில் கடவையிலோ அந்தப் படம் ஒன்றிரண்டு செக்கன் மினுக்கி அணைந்தால் அது பழுது இல்லை. சில்லு வழுக்கியது, சிஸ்டம் பிடித்தது. எரிந்தபடியே நின்றால்தான் பழுது. மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கும், மெதுவாக ஓட்டி வரலாம். சிவப்பு பிரேக் லைட்டும் கூட எரிந்தால் முதலில் பிரேக் ஒயில் டப்பாவைப் பாருங்க. திருப்பத்தில் மட்டும் சிவப்பு வந்து போனால் பெரும்பாலும் பிரேக் ஒயில் குறைந்து மிதவை ஆடுகிறது. உடனே ஊற்றி மூட வேண்டாம், பேட் தேய்ந்ததா, எங்காவது ஒழுகுதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்க.

கிராண்ட்பாஸ், எலக்ட்ரிக்கல் வேலை

மேலே சொன்ன துண்டோடு அடுத்த வேலை ஸ்கேன். போனோடு ஓடும் மலிவான ஈஎல்எம் 327 ஸ்கேன் கருவி பெரும்பாலும் எஞ்சின் பழுதுக் கோட் மட்டும்தான் காட்டும். "ஸ்கேன் பண்ணினோம், ஒன்றும் இல்லை" என்று வரும் வாகனங்களில் முக்கால்வாசி அப்படித்தான் ஸ்கேன் ஆனவை. ஏபிஎஸ் மொடியூலுக்குள் (அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்) போகிற கருவி வேண்டும். பற்றரி டேர்மினலைக் கழற்றி லைட்டை அணைத்துவிட்டு வரவும் வேண்டாம். வேண்டிய விவரமெல்லாம் அதோடு அழிந்துபோகலாம்.

டொயோட்டாவில் சி0200 முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது சில்லு வேகச் சென்சர். கோட் சொல்வது எந்த மூலை என்பதை மட்டும். சென்சர் செத்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பல் வளையம் (சில்லோடு சுற்றும், சென்சர் வாசிக்கும் வளையம்), பெயாரிங், வயர், சொக்கட் எது பிழைத்தாலும் இதே கோட்தான் விழும்.

அதனால் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (ஓடும்போதே வரும் அளவுகளில்) நாலு சில்லின் வேகத்தையும் ஒரே திரையில் போட்டு, வேறு ஒருவரை ஓட்டச் சொல்லிப் பாருங்க. நேர் றோட்டில் 40 கிலோமீற்றரில் நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மெதுமெதுவாக நிற்பாட்டச் சொல்லுங்க. மற்ற மூன்றும் 8, 7, 6 என்று இறங்க ஒன்று மட்டும் 8-இலேயே பூச்சியத்துக்கு விழுந்தால் சென்சருக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடியிருக்கு, அல்லது வளையம், பெயாரிங் பழுது. 40 - 0 - 40 என்று வெட்டினால் வயர் அல்லது சொக்கட். ஒன்று மட்டும் நிரந்தரமாகக் கொஞ்சம் கூடக் காட்டினால் அந்த டயர் சின்னது: காற்றுக் குறைவு, தேய்மானம், அல்லது வேறு சைஸ். 175/65ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 608 மில்லிமீற்றர். புது டயரில் 8 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பூ, பழையதில் 2 என்றால் விட்டத்தில் 12 குறைவு, அதாவது 2 சதவீதம். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல் வித்தியாசம். அதால் மட்டும் லைட் வருவது குறைவு. ஆனால் வேறு பழுதோடு சேரும்போது ஆளைக் குழப்பும்.

மட்டக்குளி

கிராண்ட்பாஸ் அண்ணன் சொன்ன "வெட்டுகிற" வகையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுறேன், கராஜுக்கு வருவதில் அதுதான் கூட.

வயர் உடையிற இடம் ஏறக்குறைய ஒன்றே: வாகனப் பொடியில் இருந்து சில்லுக்குப் போகும்போது ரப்பர் கிளிப்புக்கும் நக்கிளுக்கும் (சில்லைத் தாங்கும் இரும்புத் துண்டு) இடையில் வளைகிற ஒரு சாண். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப உள்ளே செம்பு முறியும், மேல்தோல் அப்படியே இருக்கும். பார்த்தால் தெரியாது. வாகனத்தை ஜக்கில் ஏற்றி ஸ்டாண்ட் வைத்து, ஸ்டியரிங்கை ஒரு எல்லையில் இருந்து மற்ற எல்லைக்குத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சில்லைக் கையால் சுற்றி லைவ் டேட்டாவைப் பாருங்கோ. பிறகு வயரைச் சாண் சாணாக லேசாக இழுங்கோ. முறிந்த இடத்தில் தோல் ரப்பர் மாதிரி இழுபடும், நல்ல இடத்தில் இழுபடாது. விரலுக்குத் தெரியும்.

அந்த வளைகிற இடத்தில் ஈயம் பற்றவைத்து ஒட்டாதீங்கோ. ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போய், அந்த விளிம்பிலேயே மறுபடி முறியும். அடுத்த சொக்கட் வரைக்கும் முழுத் துண்டையும் மாற்றுங்கோ. இரண்டு வயரும் முறுக்கி வந்திருந்தால் அதே மாதிரி முறுக்கியே போடுங்கோ, இல்லாவிட்டால் பக்கத்து வயரின் இரைச்சல் ஏறும். எலி கடித்த வாகனத்துக்கும் இதே கதைதான், கடித்த இடம் எஞ்சின் பக்கம் என்பது மட்டும் வித்தியாசம்.

மீட்டர் வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய கொயில் வகைச் சென்சரை ஓம் பார்க்கலாம். மொடலைப் பொறுத்து பெரும்பாலும் 800 முதல் 2000 ஓமுக்குள் வரும், சில்லைச் சுற்றினால் ஏசி வோல்ட்டும் வரும். இப்போதைய வாகனங்களில் இருப்பது கரண்ட் கொடுத்து வேலை செய்கிற வகை, 7, 14 மில்லிஅம்பியர் என்று இரண்டு மட்டத்தில் மாறி மாறிச் சொல்லும். அதை ஓம் பார்த்து "செத்துப்போச்சு" என்று எறிவது பிழை. சொக்கட்டைக் கழற்றி, சாவி ஓன் பண்ணி, வாகனப் பக்கத்தில் வோல்ட் வருதா என்று பாருங்கோ. வந்தால் பழுது சில்லுப் பக்கம். வராவிட்டால் மேலே போகும் வயர் அல்லது மொடியூல்.

கழுவின பிறகு லைட் வந்து, வெயிலில் நின்றதும் போய்விட்டால் சொக்கட்டுக்குள் தண்ணீர். ரப்பர் சீல் கிழிந்திருக்கும். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வாகனங்களில் சொக்கட் பின் பச்சையாகப் பூத்திருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். பூத்த பின்னைச் சுரண்டினால் ஒரு மாதம் தாங்கும், பின்னையே மாற்றுவதுதான் முறை.

தெஹிவளை

கடல்காற்றுப் பக்கத்து வாகனங்களுக்கு இன்னொரு வியாதி. நக்கிளில் சென்சர் உட்காரும் துளையைச் சுற்றித் துரு வளர்ந்து, சென்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். இடைவெளி பொதுவாக 0.5 முதல் 1.5 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், துரு அரை மில்லிமீற்றர் தூக்கினாலே மெதுவேகத்தில் சிக்னல் அறும். சென்சரைக் கழற்றும்போது சுத்தியல் வேண்டாம். துரு இளக்கும் ஒயில் அடித்து இரவு விட்டு, காலையில் இடம் வலமாகத் திருகி எடுங்க. துளையையும் இருக்கையையும் சாண்ட் பேப்பரால் உலோகம் தெரிய வழித்தால், பழைய சென்சரே ஒழுங்காக வேலை செய்யும். ஆக்சிலில் இரும்புப் பல் வளையம் உள்ள மொடலில் வளையத்துக்கு அடியில் துரு ஊறி அது வெடிக்கும். வெடிப்பு ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் சென்சரைக் கடக்கும். நிற்கப் போகும் கடைசி நேரத்தில் காலுக்குக் கீழ் பெடல் காரணமில்லாமல் குறுகுறுத்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்க.

இனி பெயாரிங். இப்போது நிறைய வாகனங்களில் பல் வளையமே இல்லை. பெயாரிங் சீலிலேயே கறுப்பாக ஒரு காந்தப் பட்டை இருக்கும். புதுப் பெயாரிங் அடித்த மறுநாளே லைட் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பெயாரிங் பக்கம் மாறி ஏறியிருக்கு, அல்லது காந்தமில்லாத மலிவுப் பெயாரிங். அழுத்த முன் ஒரு சின்ன பேப்பர் கிளிப்பை இரண்டு பக்கச் சீலுக்கும் பிடித்துப் பாருங்க. ஒட்டி இழுக்கும் பக்கம் சென்சரை நோக்கி. இந்தப் பெயாரிங்கை ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது, இரும்புத்தூள் கிடக்கும் மேசையில் உருட்டவும் கூடாது.

புதிய களனிப் பாலத்தின் வளைவில் வலது பக்கம் திரும்பும்போது மட்டும் லைட் வந்தால் இடது பெயாரிங்கை ஆட்டிப் பாருங்க. பாரம் இடது பக்கம் ஏறும்போது ஆட்டம் இடைவெளியை மாற்றும்.

கொட்டாஞ்சேனை

அலைன்மென்ட் செய்து வந்த அன்றே விஎஸ்சி மட்டும் எரியுது, ஏபிஎஸ் இல்லை. சி1210, சி1336 இரண்டும் காட்டுது. சில்லுச் சென்சரில் ஒன்றும் இல்லையே அண்ணே?

கிராண்ட்பாஸ், எலக்ட்ரிக்கல் வேலை

இல்லை தம்பி. டொயோட்டாவில் அந்த இரண்டும் "பூச்சியப் புள்ளி இன்னும் கற்கவில்லை" என்ற கோட்: முதலாவது திரும்பல் சென்சருக்கு (வாகனம் சுழல்வதை அளப்பது), இரண்டாவது வேகக்குறைப்புச் சென்சருக்கு. எதையும் வாங்க வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஸ்டியரிங் நேராக, கியர் பார்க்கில், உள்ளே ஆள் அசையாமல், கதவு அடிக்காமல் ஸ்கேனரில் ஸீரோ பொயின்ட் கற்பிக்கணும். கொட்டாஞ்சேனைச் சரிவில் செய்யாதீங்க, சரிவையே சமதரை என்று கற்றுக்கொள்ளும். பிறகு நேர் றோட்டில் ஸ்டியரிங் கோணம் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்குதா பாருங்க. ஸ்டியரிங் சரிந்து நிற்க அலைன்மென்ட் கொடுத்திருந்தால், முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்க.

ஸ்கேனர் இல்லாமல், ஸ்கேனர் செருகும் சொக்கட்டில் 4, 12 பின்களைக் கம்பியால் இணைக்கும் முறை சில பழைய மொடல்களுக்கு உண்டு. 16-ஆவது பின் நேரே பற்றரி. கை நடுங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பம்பலப்பிட்டி

ஸ்டார்ட் பண்ணின உடனே எல்லா லைட்டும் ஒரேயடியாக வந்தால் முதலில் பற்றரி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் விழுதா, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்குதா. இரண்டும் சரியென்றால் ஏபிஎஸ் மொடியூலின் ஏர்த் (பொடியோடு இணையும் நெகட்டிவ் வயர்). பம்ப் ஓடும்போது ஏர்த்துக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த்தைக் கழற்றித் துருவை வழியுங்க.

டொயோட்டாவில் சி1201 விழுந்தால் ஏபிஎஸ் பக்கமே போக வேண்டாம், எஞ்சினில் பழுது. இக்னிஷன் கொயில் ஒன்று தட்டினாலே விஎஸ்சி தன்னைத்தானே நிறுத்திவிடும். பின் பிரேக் லைட்டுக்கு எல்ஈடி பல்ப் போட்ட பிறகு ஆரம்பித்ததா என்றும் கேளுங்க. சில மொடல்களில் பிரேக் சுவிட்ச் கோட் அதாலேயே விழும்.

கிருலப்பனை

ஹைபிரிட் என்றால் ஒன்று மட்டும் தனி. பிரேக் மிதிக்காமலே பம்ப் சில செக்கனுக்கு ஒரு தடவை ஓடும் சத்தம், கூடவே சிவப்பு லைட், விடாத பஸர் என்றால் பிரேக் சிஸ்டத்தில் அழுத்தம் தங்கவில்லை. ஓட்டாதீங்க, வாகனம் ஏற்றும் கேரியரில் ஏற்றுங்க. சென்சர் பார்க்கிற வேலை அதற்குப் பிறகு.

மட்டக்குளி

வேலை முடிந்து கோட் அழித்ததும் சாவியைக் கொடுத்துவிடாதீங்கோ. லைட் வந்ததாக அந்தத் துண்டில் எழுதின அதே வேகம், அதே திருப்பம், அதே ஈரத்தில் நாலு சில்லு வேகத்தையும் பதிவு போட்டு 15 நிமிடமாவது ஓட்டுங்கோ. பத்துத் தடவை 10 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து நிறுத்திப் பாருங்கோ, கழுவினதும் வந்த லைட் என்றால் ஹோஸைப் பிடித்து நனைத்தும் பாருங்கோ.