மொறிஸ் மைனர் 1098: டிஸ்ரிபியூட்டர் மாற்றியபின் எஞ்சின் இடிக்கிறது, உதவி தேவை

கேள்வி

வணக்கம். அப்பாவின் 1965 மொறிஸ் மைனர், 1098 சீசீ, யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. பிளக்குகளுக்கு முறைப்படி கரண்ட் அனுப்பும் டிஸ்ரிபியூட்டரில், ஷாஃப்ற்றைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஷாஃப்ற் கையோடு ஆடியது. உள்ளே கரண்டை வெட்டும் பொயின்ற்றுக்கு இடைவெளி வைத்தால் இரண்டு நாள்கூட நிற்காது. போன மாதம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் "ஏ சீரிஸ் (இந்த எஞ்சின் வகை) எல்லாத்துக்கும் போகும்" என்று சொல்லிப் பழைய லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர் ஒன்றைத் தந்தார்கள். பொருந்தியது. ஸ்ராட் நல்லது, ஐடில் நல்லது. ஆனால் நாலு பேர் ஏறி, மூன்றாம் கியரில் மிதித்தால் டக டக என்று இடிக்கிறது. ரைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு எடுத்தால் சத்தம் நிற்கிறது, வண்டி இழுப்பதில்லை. பொயின்ற் 0.015 அங்குலம், பிளக் 0.025, பெற்றோல் 92. இன்னொன்று: பழைய டிஸ்ரிபியூட்டரின் திருகு நட் R பக்கம் கடைசிவரை சுழற்றப்பட்டிருக்கிறது. அது ஏன்?

பதில்

தம்பி, R கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த நட்டில் R பக்கம் ரைமிங்கைப் பின்னுக்கும், A பக்கம் முன்னுக்கும் எடுக்கும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்தபோது கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் சுலபமாக இடிக்கும். அதனால் ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளித்தான் வைத்தோம். அந்தக் காரும் அப்படி ஓடியிருக்கும்.

இனி உங்கள் பிரச்சினை. "எல்லாத்துக்கும் போகும்" என்றால் துளைக்குள் போகும், அவ்வளவுதான். உடலின் பக்கத்தைப் பெற்றோல் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஐந்து இலக்க எண் ஒன்று குத்தியிருக்கும், அதுதான் எந்தக் காருக்குச் செய்தது என்று சொல்லும். அருகில் 23 65 மாதிரி இருந்தால் 1965இன் 23ஆம் வாரம் செய்தது. விரலால் சுழற்றும் வரிபோட்ட நட் இருந்தால் லூக்காஸ் 25டி4 மாடல், அல்லது அதற்கு முந்திய டிஎம்2. நட் இல்லாவிட்டால் எழுபதுகளின் நடுவில் வந்த 45டி4.

முழுக்க மிதிக்கும்போது வக்கியூம், அதாவது எஞ்சினின் உறிஞ்சல், அநேகமாக இல்லை. ஆகவே அந்த நேரத்தில் இடிப்பதற்கு, உறிஞ்சலால் ரைமிங்கை முன்னுக்குத் தள்ளும் வக்கியூம் பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. வேகம் கூடக்கூட ரைமிங்கை முன்னுக்குத் தள்ளும், உள்ளே சுழலும் எடைகளைத்தான் நான் சந்தேகிக்கிறேன். பொயின்ற் தட்டைக் கழற்றினால், பொயின்ற்றைத் திறக்கும் கேமின் அடிக்காலில் ஒரு எண் தெரியும். எடைகள் ஆகக் கூடியது எத்தனை பாகை முன்னுக்குத் தள்ளும் என்பது அது. டிஸ்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால் அதை இரண்டால் பெருக்குங்கள். இரண்டு டிஸ்ரிபியூட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொருவர்

அந்த எடைகளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள் அண்ணா. ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. தடித்ததன் கொளுக்கி நீண்டு, கம்பத்தில் லூசாகக் கிடக்கும். பழுது என்று நினைத்து அதை இறுக்குகிறவர்களும் மாற்றுகிறவர்களும் நிறையப் பேர். அது அப்படித்தான் இருக்க வேண்டும், குறிப்பிட்ட வேகத்துக்குப் பிறகுதான் பிடிக்கும்.

கேட்டவர்

திறந்தேன். கேமில் உள்ள எண் பழையதைவிட 4 கூட, அதாவது கிராங்கில் 8 பாகை. ஸ்பிரிங் இரண்டும் ஒரே மாதிரி மெல்லியவை! பழையதின் கேமையும் ஸ்பிரிங்கையும் இதற்குள் போடலாமா?

முதல் பதில் சொன்னவர்

இரண்டும் 25டி4 என்றால் தாராளமாகப் போடலாம். கேமின் மேல் இருந்து கரண்டைப் பிளக் வயர்களுக்குப் பிரிக்கும் றோட்டரைக் கழற்றினால் கேமின் நடுவில் ஒரு திருகு தெரியும். ஸ்பிரிங்குகளை இழுத்து நீட்டாமல் கழற்றி, திருகை எடுத்துக் கேமைத் தூக்குங்கள். அதற்கு முன் றோட்டர் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ற்றின் அடியிலுள்ள நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், அதனால் ஷாஃப்ற் எஞ்சினில் ஒரே விதமாகத்தான் பொருந்தும். கேமை அரைச்சுற்று மாற்றிப் போட்டால் முதலாம் பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட் நாலாவதுக்குப் போகும்.

வக்கியூம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். தட்டு நகர்ந்து, நாக்கால் குழாயை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும்.

பிறகு ரைமிங். கிராங்க் புலியிலுள்ள வெட்டில் சுண்ணாம்பு பூசினால் கண்ணுக்குத் தெரியும்: ரைமிங் கவரில் நீண்ட முள் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும், மற்ற இரண்டும் 5, 10 பாகை. 12 வோல்ற் பல்ப் ஒன்றை டிஸ்ரிபியூட்டரின் மெல்லிய வயர் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் கட்டி, சாவியைப் போட்டு, ஸ்ராட் கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுழற்றுங்கள். பல்ப் எரியும் கணம்தான் பொயின்ற் திறக்கும் கணம். நட்டை நடுவில் வைத்துத் தொடங்குங்கள், 11 கிளிக் ஒரு பாகை. றோட்டர் இடஞ்சுழி, உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் முன்னுக்குப் போகும்.

கேட்டவர்

நேற்று முடித்தேன். உச்சிக்கு 3 பாகை முன்னால் வைத்தேன். நாலு பேரோடு சாவகச்சேரி போய் வந்தோம், ஒரு இடிகூட இல்லை. திரும்பி வரும்போது 22 கிளிக் A பக்கம் போட்டுப் பார்த்தேன், மிதித்தால் மெல்லிய சத்தம் வந்தது. 11 திருப்பி எடுத்தேன், இப்போது அமைதி. நன்றி ஐயா.

முதல் பதில் சொன்னவர்

நல்லது. பழைய உடலை எறியாதீர்கள். லேத் வேலை தெரிந்த ஒருவரிடம் வெண்கலப் புஷ் கடைந்து போடலாம்.