ரன்னிங் மேட்: துணையா, இணையா, உடனா?

நண்பர்களே,

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரோடு சேர்ந்து துணை அதிபர் பதவிக்கு நிற்பவரை 'ரன்னிங் மேட்' என்பார்கள். அதற்குத் தமிழில் சொல்லப்படும் 'துணை வேட்பாளர்' எனக்கு ஒப்பவில்லை. நம் செய்தித்தாள் வாசகர் காதில் அது 'மாற்று வேட்பாளர்' என்றுதான் விழும். மனு தள்ளுபடியானால் இருக்கட்டும் என்று மனைவியையோ மகனையோ கூடவே மனுத் தாக்கல் செய்ய வைப்பார்களே, அந்த ஆள். ரன்னிங் மேட்டோ பொதுவாகக் கடைசிவரை களத்தில் இருப்பவர். அவரையே மாற்ற நேர்ந்ததும் உண்டு. 1972இல் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஈகிள்டன் மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை எடுத்தது வெளியே வந்ததும், அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் அவரை விலக வைத்து ஷ்ரைவரைக் கொண்டுவந்தார். 'துணை வேட்பாளருக்கு மாற்று வேட்பாளர்' என்று இதற்குத் தலைப்புப் போட்டால் யாருக்குப் புரியும்?

'இணை வேட்பாளர்' பரவாயில்லை. ஆனால் இருவரும் ஒரே பதவிக்குச் சமமாக நிற்பதுபோல் ஒலிக்கிறது. 1800இல் நிஜமாகவே அப்படி ஆனது. மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் பதவியைக் குறிப்பிடாமல் ஆளுக்கு இரண்டு வாக்குப் போட்டார்கள். ஜெஃபர்சனுக்கு 73, துணை அதிபர் பதவிக்கு என்று நிறுத்திய பர்ருக்கும் 73. பர்ர் விட்டுக்கொடுக்கவும் இல்லை! பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்கெடுத்துத்தான் ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. 1804இல் வந்த 12ஆவது அரசமைப்புத் திருத்தம் இரண்டு பதவிக்கும் வாக்கைத் தனித்தனியாக்கியது. 'இணை' பர்ருக்குச் சரி, 2024இல் கமலா ஹாரிஸோடு நின்ற டிம் வால்ஸுக்குப் பொருந்தாது.

'தெரிவுத் துணைவர்' வேண்டாம். தெரிவு செய்பவர் எப்போதும் தலைமை வேட்பாளர்தான் என்றில்லை. 1956இல் அதிபர் வேட்பாளர் ஸ்டீவன்சன் அதைக் கட்சி மாநாட்டிடமே விட்டுவிட்டார். கெஃபாவர் வந்தார், இளம் கென்னடி நூலிழையில் தவறவிட்டார்.

என் பரிந்துரை 'உடன்வேட்பாளர்'. அமெரிக்க வாக்காளர் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்குதான் போடுகிறார். உடன்கட்டை ஞாபகம் வருகிறது என்று யாராவது கேலி செய்யலாம். செய்யட்டும், தலைவர் தோற்றால் இவரும் தோற்க வேண்டியதுதானே! வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'தெற்கு மாநில வாக்குகளுக்காக 1960இல் கென்னடி, டெக்சாஸ்காரர் ஜான்சனை உடன்வேட்பாளர் ஆக்கினார்.' உறுத்தவில்லை.

பிலிப்பைன்ஸில் இரண்டு பதவிக்கும் மக்களே தனித்தனியாக வாக்களிப்பார்கள். 2016இல் டுடெர்ட்டே வென்றார், அவரோடு நின்ற கயெட்டானோ தோற்றார், வேறு அணியின் ரொப்ரேடோ துணை அதிபரானார். அங்கேயும் கயெட்டானோவை உடன்வேட்பாளர் என்று தயங்காமல் சொல்லலாம். கூட நின்றார் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் உறுதி சொல்வதில்லை.

இப்படிச் சேர்ந்து நிற்கும் இருவரையும் ஒன்றாகக் குறிக்கும் 'டிக்கெட்'டுக்கு வந்த 'இணைச்சீட்டு' பற்றித் தனி இழையில் பேசுவோம். அதிலும் எனக்குச் சண்டை இருக்கிறது.